மொட்டை மாடியில் ஒரு ஆள்காட்டி

என்னைக் காப்பாற்றிய மாத்திரை எந்த மெடிக்கலிலும் கிடைக்கிற சாதாரண மாத்திரை. அதைத்தான் கொடுக்க வேண்டும் என்று டாக்டருக்குத் தெரியவர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாள் வீணானதில் ஆஸ்பத்திரியின் தப்பு ஒன்றும் இல்லை. தப்பு முழுக்க என்னுடையது. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்கிறார்கள். ஆளுக்குத் தகுந்தபடி பாதியை மறைத்துச் சொல்லிச் சலித்துவிட்டது. அதனால் ஒரே தடவை முழுசாக எழுதிவிடுகிறேன். என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

நான் ஜோயல். வயது இருபத்திரண்டு. பி.காம்., கையில் இரண்டு அரியர். சபையில் கிட்டார் வாசிப்பேன். அப்பா கோரிப்பாளையத்தில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறார், சபைக்குச் செயலாளரும் அவர்தான். லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாட்களில், எங்கள் சபை வாலிபர்கள் சனிக்கிழமைதோறும் கிராமங்களுக்குப் போய்க் கைப்பிரதி கொடுப்பார்கள். இயேசுவைப் பற்றி நாலு வரி அச்சடித்து மடித்த ஒற்றைத் தாள். அப்பா அதை வருஷா வருஷம் காசு வாங்காமல் அடித்துக் கொடுப்பார். போய்வந்தவர்கள் மறுநாள் ஆராதனையில் மைக் முன்னால் நின்று, என்ன நடந்தது என்று சாட்சி சொல்ல வேண்டும். இதுதான் வழக்கம்.

அந்தச் சனிக்கிழமை என் பங்குக்குக் கொட்டாம்பட்டிப் பக்கம் ஏழு கிராமம். ஐந்நூறு தாள், ஒரே கட்டு. தனியாகப் போக போர் அடிக்குமே என்று கார்த்தியைக் கூப்பிட்டேன். கார்த்தி காலேஜில் மூன்று வருஷம் என் பக்கத்து சீட். திருமங்கலம் பக்கத்தில் விவசாயக் குடும்பம். போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வு பாஸ் செய்துவிட்டு, உடல்தகுதித் தேர்வுக்காகத் தினமும் விடிவதற்குள் எழுந்து ஓடிக்கொண்டிருந்தவன். அவனுக்கும் கைப்பிரதிக்கும் சம்பந்தமே இல்லை. நான் கூப்பிட்டேன், பஸ் ஏறி வந்தான்.

ஏழில் ஒரு கிராமத்துக்குக்கூட நாங்கள் போகவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. நாலுவழிச் சாலையை விட்டு இறங்கியதும் ஒரு கண்மாய், பாதி வற்றிக் கிடந்தது. கரையோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். வழியில் வாங்கிய பீரோடு அந்த நிழலில் புல் மேலேயே படுத்தோம். கைப்பிரதிக் கட்டைத் தலைக்கு வைத்துக்கொண்டேன். சரியான உயரம்.

தலைக்கு மேல் ஒரு ஆள்காட்டி கத்திக்கொண்டே இருந்தது. கண்மாய்ப் பக்கம் போகிறவர்களுக்கு அந்தப் பறவையைத் தெரியும். நீளமான மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்புத் தோல், ஆள் நடமாட்டம் தெரிந்துவிட்டால் ஊரையே கூட்டும்.

"பக்கத்துல எங்கயோ முட்டை வச்சிருக்கு மாப்ள," என்றான் கார்த்தி. "அதான் இம்புட்டுக் கத்து கத்துது. வா, அந்தப் பக்கம் போயிருவோம்."

"நாம ஏன்டா போகணும்? அது போகட்டும்."

எழுந்து தேடினேன். பத்தடி தள்ளிச் சரளைக்கல் மேல் நாலு முட்டை. கூடு என்று ஒன்றும் கிடையாது, வெறும் தரையில், கல் நிறத்திலேயே. ஒன்றை எடுத்துக் கருவேல மரத்தில் குறிபார்த்து அடித்தேன். பட்டது. இரண்டாவதையும் அடித்தேன். மூன்றாவதற்குக் குனியும்போது கார்த்தி என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"ஏன்டா இப்படிப் பண்ற? அது உன்ன என்ன பண்ணுச்சு?"

"தூங்க விட மாட்டேங்குதுல்ல."

நான் படுத்து, ஒரு சிகரெட் பற்றவைத்து, பாதியிலேயே தூங்கிவிட்டேன். சாயங்காலம் கிளம்பும்போது கைப்பிரதிக் கட்டைப் புதருக்குள் உதைத்துத் தள்ளினேன்.

மறுநாள் மைக் முன்னால் நின்றேன். ஏழு கிராமம் போனதாகச் சொன்னேன். ஒரு வயசான அய்யா தாளை வாங்கிப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்றும் சொன்னேன். அழுகை அந்த நிமிஷத்தில் தோன்றியது, சேர்த்துக்கொண்டேன். சபை அல்லேலூயா சொன்னது. அப்பா முன்வரிசையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கழித்துக் குளிக்கும்போது இடது இடுப்பில், பேண்ட் பட்டைக்குக் கீழே, கறுப்பாக ஒரு பொருக்கைப் பார்த்தேன். மிளகை விடக் கொஞ்சம் பெரிது, சுற்றிலும் சிவப்பு. வலியே இல்லை. அன்றைக்கு சிகரெட் கங்கு விழுந்து சுட்டிருக்கிறது, போதையில் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். லெந்து நாளில் சிகரெட் என்று அம்மாவுக்குத் தெரிந்தால் வீடு தாங்காது. மேலே ஒரு பிளாஸ்திரி ஒட்டினேன். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

காய்ச்சல் அதற்கு மூன்றாம் நாள் வந்தது.

சாதாரணக் காய்ச்சல் இல்லை. கண்ணுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்து ஆணி அடிப்பதுபோல் தலைவலி. நாலு நாள் வீட்டில் மாத்திரை போட்டும் இறங்காமல், ஒரு வியாழக்கிழமை, ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே என்னைப் பார்த்தவர் டாக்டர் பர்வீன். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். வேகமாகப் பேசுவார், அதைவிட வேகமாக எழுதுவார்.

"வெளியூர் எங்கயாவது போனியா தம்பி?"

எனக்கு முன்னால் அப்பா பதில் சொன்னார். "கொட்டாம்பட்டிப் பக்கம் ஊழியத்துக்குப் போனான் டாக்டர். ஏழு கிராமம். ஒத்த ஆளா."

"வயக்காடு, புதர், புல்லு, எங்கயாவது உக்காந்தியா? படுத்தியா?"

"இல்ல மேடம். ரோட்டு மேலயேதான்."

"உடம்புல எங்கயாவது கறுப்பாப் பொருக்கு மாதிரி இருக்கா? பூச்சி கடிச்ச மாதிரி?"

"இல்ல."

அவர் என் கை, முதுகு, அக்குள் எல்லாம் பார்த்தார். வயிற்றை அமுக்கும்போது நான் கைலி முடிச்சைப் பிடித்துக்கொண்டேன். கூச்சம் என்று நினைத்திருப்பார். அப்பா பக்கத்திலேயே நின்றார்.

அதற்குப் பிறகு ஊசி, ரத்தம், பாட்டில். டெங்கு இல்லை, மலேரியா இல்லை. கிராமத்துக்குப் போனவன் என்பதால் உண்ணிக் காய்ச்சலுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்தார்கள், அதுவும் இல்லை என்றே வந்தது. அந்த டெஸ்ட் ஆரம்ப நாட்களில் ஏமாற்றும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். தினமும் காலையில் இரண்டு எண்களுக்காக வீடே காத்திருந்தது. ஒன்று பிளேட்லெட், ரத்தம் உறைய உதவுகிற அணுக்கள். அது இறங்கிக்கொண்டே போனது. இன்னொன்று கிரியாட்டினின், சிறுநீரகம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று காட்டுவது. அது ஏறிக்கொண்டே போனது. பெரிய பெரிய மருந்தெல்லாம் ஏற்றினார்கள். காய்ச்சல் கண்டுகொள்ளவே இல்லை.

அம்மா கட்டிலுக்குக் கீழே அச்சகத்து அட்டையை விரித்துப் படுத்தார். என் கால் சில்லிட்டுப் போகும்போதெல்லாம் தன் முந்தானையால் சுற்றிக்கொண்டு மடியில் வைத்துக்கொள்வார். "நீ ஒண்ணும் யோசிக்காத ராசா. நல்ல காரியத்துக்குப் போயித்தான் படுத்துருக்க. ஆண்டவர் பாத்துக்குவாரு." அதைக் கேட்கும்போதெல்லாம் ஊசி தேவலை என்று தோன்றும்.

சனிக்கிழமை கார்த்தி போன் செய்தான். குரலே அவன் குரலாக இல்லை.

"மாப்ள, எனக்கும் காய்ச்சல்டா. அஞ்சு நாளாச்சு. இங்க கிளினிக்ல எங்க போன, எங்க வந்தன்னு கேக்குறாங்க. கண்மாயச் சொல்லவா?"

அம்மா பிளாஸ்கில் வெந்நீர் பிடிக்கப் போயிருந்தார். பேச நேரம் இருந்தது. யோசிக்கவும் நேரம் இருந்தது.

"வேணாம்டா. உங்கப்பா எங்கப்பாவுக்குப் போன் போட்டுருவாரு. சும்மா வைரல் ஃபீவர்தான், விடு."

"சரி. நீ சொல்ற வரைக்கும் நான் சொல்லல."

ஞாயிற்றுக்கிழமை அவன் போனை எடுக்கவில்லை. அன்றைக்கு ஆராதனை முடிந்ததும் சபை பாதி என் கட்டிலைச் சுற்றி நின்றது. ஊழியத்தில் போய் நோய்வாய்ப்பட்ட மகனுக்காக ஜெபிக்கும்படி அப்பா சபையில் கேட்டுக்கொண்டாராம். எங்கள் ஆயர் என் தலையில் கை வைத்து, "உம்முடைய ஊழியக்காரன்" என்று ஆரம்பித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு இடுப்புப் பிளாஸ்திரியைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே மூச்சு வாங்க ஆரம்பித்தது. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று மூக்கில் ஆக்சிஜன் மாட்டினார்கள். அடுத்து ஐ.சி.யூ.தான் என்று அப்பாவிடம் சொல்வது எனக்கும் கேட்டது.

அன்றிலிருந்துதான் அந்தச் சத்தமும் கேட்டது.

"அம்மா, அது கத்துது."

"எது ராசா?"

"அந்தக் குருவி. இங்க வந்துருச்சு."

அம்மா அழுதுகொண்டே டாக்டரைக் கூப்பிட்டார். புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்துவிட்டார். டாக்டர் பர்வீன் ஒரு நிமிஷம் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"பயப்படாதீங்கம்மா, நெசமாவே கத்துது. கீழ ஜெனரேட்டர் ரூம் மொட்டை மாடியில ஜல்லி கொட்டிக் கெடக்குல்ல, அதுல ஒரு ஆள்காட்டி முட்டை வச்சிருக்கு. வாட்ச்மேன் அண்ணனையே மேல ஏற விட மாட்டேங்குது. மண்டையிலயே கொத்த வருது." என் பக்கம் திரும்பினார். "உன் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளச் சொல்றேன். வேடிக்கை பாரு."

அப்படித்தான் திங்கட்கிழமை மதியம் அதைப் பார்த்தேன். மூன்றாவது மாடி ஜன்னல், நேர் கீழே அந்த மொட்டை மாடி. வெயிலில் ஜல்லி வெள்ளையாகத் தகித்தது. நிழல் என்று ஒரு சாண்கூட இல்லை. பறவை முட்டை மேல் உட்காரவில்லை. காலை அகட்டி நின்று, தன் நிழல் முட்டை மேல் விழும்படி பார்த்துக்கொண்டது. அலகு திறந்திருந்தது. என்னைப்போலவே மூச்சு வாங்கியது.

பிறகு நடந்தது. சுவரில் மாட்டிய ஏ.சி. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டி, மாடி மூலையில் சின்னதாகத் தேங்கியிருந்தது. அங்கே போனது. குடிக்கும் என்று நினைத்தேன். அது தண்ணீருக்குள் உட்கார்ந்தது, வயிற்றை அழுத்தி இப்படியும் அப்படியும் ஆட்டியது. வயிற்று இறகெல்லாம் சொட்டச் சொட்ட அப்படியே ஓடிவந்து முட்டை மேல் உட்கார்ந்தது. ஈரம் காய்ந்ததும் மறுபடி போனது. மறுபடி நனைத்துக்கொண்டு வந்தது. நான் எண்ணினேன். அம்மா கஞ்சி ஊட்டி முடிப்பதற்குள் ஆறு தடவை.

நான் உடைத்த முட்டைக்காகவும் ஒரு பறவை இப்படித்தான் நடையாய் நடந்திருக்கும். அந்த மதியம் வெயிலில் நாங்கள் நிழலைப் பிடித்துப் படுத்திருக்க, அது தலைக்கு மேல் கத்திக்கொண்டிருந்ததற்கு இதுதான் அர்த்தம். முட்டை வெந்துகொண்டிருந்தது, எழுந்து போங்கள் என்று கேட்டிருக்கிறது.

நான்கு நாளாக நான் ஜெபம் செய்யாமல் இல்லை. பிழைக்க வையும், பிறகு எல்லாவற்றையும் சரிசெய்கிறேன், சிகரெட்டை விடுகிறேன், அரியரை எழுதுகிறேன் என்று பேரம் பேசிக்கொண்டிருந்தேன். நல்லவனாகிவிட்டுத்தான் அவர் முன்னால் போய் நிற்க முடியும் என்று நினைத்திருந்தேன், அதனால்தான் கடைசிவரை நல்லவனாக நடித்தேன். அந்த ஜல்லியில் கிடந்த முட்டை என்ன சாட்சி சொன்னது? எந்த ஏழு கிராமத்துக்குப் போனது? சும்மா கிடந்தது, வெந்துகொண்டிருந்தது. பறவை தன் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்தது. கடவுள் தன் சிறகின் நிழலில் காப்பார் என்கிற பைபிள் வசனத்தை ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்து பரிசெல்லாம் வாங்கியவன் நான். அது என்னைப் போன்ற ஒருவனுக்காக எழுதியது என்று அந்த ஜன்னலில்தான் முதல் முறையாகப் பட்டது. முட்டை உடைத்தவனுக்கும் சேர்த்து. அழுகை வந்தது, ஆக்சிஜன் குழாய் நனைந்தது. இந்தத் தடவை அதைக் கேட்க மைக் இல்லை.

மதிய ரவுண்டுக்கு டாக்டர் வந்தார். அப்பா எழுந்து நின்றார்.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும்," என்றேன்.

"சார் கொஞ்சம் வெளிய இருக்கீங்களா?" என்றார் அவர், என் முகத்தைப் பார்த்து.

"வேணாம். அப்பா இருக்கட்டும்."

சொன்னேன். ஏழு கிராமம் இல்லை. கண்மாய், கருவேலம், பீர், புல் மேல் தூக்கம். அழுத அய்யா கிடையாது. கைப்பிரதிக் கட்டு புதருக்குள் கிடக்கிறது. கைலியைத் தளர்த்தி, "இது சிகரெட் சுட்ட புண்ணு, அதான் காட்டல" என்றேன்.

டாக்டர் பிளாஸ்திரியை உரித்தார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"இது சிகரெட் சூடு இல்லப்பா. இதைத்தான் மொத நாளே கேட்டேன்."

உண்ணிக் காய்ச்சல். புதரில், புல்லில் இருக்கும் ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. கண்ணுக்குத் தெரியாது, கடித்தாலும் தெரியாது. கடித்த இடம் மட்டும் சிகரெட்டால் சுட்டதுபோலவே கறுத்துப் பொருக்குத் தட்டும். அந்தப் பொருக்கைப் பார்த்தால் டெஸ்டே தேவையில்லை. நான் எதை வெட்கப்பட்டு மறைத்தேனோ, அதில்தான் என் நோயின் பெயர் எழுதியிருந்தது.

"கூட யாரு இருந்தா?"

"கார்த்தி. அவனுக்கும் காய்ச்சல். நான்தான் சொல்லாதன்னு சொன்னேன்."

அப்பா போனை எடுத்தார். "அவங்கப்பா நம்பர் சொல்லு," என்றார். சொன்னேன். வராந்தாவுக்குப் போனார். திரும்பி வந்து டாக்டரிடம்தான் பேசினார், என்னிடம் இல்லை. "காலையில வலிப்பு வந்துருச்சாம். ஆம்புலன்ஸ்ல மதுரைக்குக் கொண்டுவந்துக்கிட்டு இருக்காங்க." டாக்டர் பர்வீன் போனை வாங்கி, அவர்கள் போகிற ஆஸ்பத்திரிக்குத் தானே பேசினார்.

எனக்கு அந்தச் சாதாரண மாத்திரை. ஒன்றரை நாளில் காய்ச்சல் இறங்கியது. அவமானமாக இருந்தது, அவ்வளவு சுலபமாக இறங்கியது.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் காலையில் வந்ததும் சாத்துக்குடியை உரித்து, விதை எடுத்து, மை ஏறிய அந்தக் கட்டைவிரலால் ஒவ்வொரு சுளையாக என் வாயில் வைப்பார். மூன்றாம் நாள் சுளையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"கட்டைப் பிரிச்சியா, பிரிக்கலயா?"

"பிரிக்கலப்பா. தலைக்கு வச்சுப் படுத்தேன்."

"ம்." சுளையை வாயில் வைத்தார். "நான் எல்லாத்தையும் கையாலதான்டா மடிச்சேன்."

கார்த்தி ஒன்பது நாள் செயற்கை சுவாசத்தில் இருந்தான். பிழைத்தான். ஆனால் நோய் காது நரம்பைத் தொட்டுவிட்டது. இடது காது கேட்கவில்லை, இனிமேலும் கேட்காது. சனிக்கிழமை போனிலேயே கண்மாயைச் சொல்லிவிடு என்று அவனிடம் சொல்லியிருந்தால் என்று நான் டாக்டர் பர்வீனிடம் கேட்டேன். பொய் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. "ரெண்டு நாள் பெரிய வித்தியாசம் தம்பி," என்றார்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு மைக் முன்னால் நின்று உண்மையைச் சொன்னேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. கிட்டாரை வேறொருவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நியாயம்தான். இப்போது கடைசி வரிசையில் உட்காருகிறேன். பாடும்போது முன்பு வாய் மட்டும் அசையும், இப்போது குரலும் வருகிறது.

ஈஸ்டர் முடிந்து ஒரு வாரம். கார்த்தி போன் செய்து, கண்மாய்க்குப் போக வேண்டும் என்றான். முழுக்கால் பேண்ட், ஷூ, புல்லில் இறங்குவதில்லை என்ற முடிவோடு போனோம். கைப்பிரதிக் கட்டைக் கரையிலிருந்தே பார்த்துவிட்டேன். கறையான் ஏறி மண்ணாகியிருந்தது. கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டை மட்டும் முழுசாக இருந்தது. கரை மேல் நின்றோம். நான் பேசியதற்கு அவன் பதில் சொல்லாதபோதுதான் இடது பக்கம் நிற்கிறேன் என்று உறைத்தது. சுற்றிவந்து வலது பக்கம் நின்றேன்.

"போலீஸ் மெடிக்கல்ல கழிச்சுட்டாங்கடா," என்றான்.

"கார்த்தி..."

"எதுவும் சொல்லாத. சொன்னா அடிச்சுருவேன்."

"அடி."

"அடிக்கத்தான் மாப்ள கூட்டிட்டு வந்தேன். வந்து பாத்தா கைய தூக்கவே தெம்பு இல்ல. கடன்ல வையி."

அப்போது ஆள்காட்டி கத்தியது. கார்த்தி சட்டென்று தலையைத் திருப்பினான், தப்பான பக்கம். பிறகு மேலே பார்த்தான், பின்னால் பார்த்தான். ஒரு காது மட்டும் இருந்தால் சத்தம் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. அது எனக்கும் அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"எங்கடா கத்துது?"

நான் அவன் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பிவிட்டுக் கையை நீட்டினேன். பழைய இடத்திலிருந்து இருபதடி தள்ளி, அதே சரளையில், அது இறங்கி நின்றது. வயிறு ஈரமாக இருந்தது. போன் கேமராவில் பெரிதாக்கி முட்டையை எண்ணினேன்.

"எத்தன?"

"நாலு. மறுபடி வச்சிருக்கு."

அவன் போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான். பறவை எங்களைப் பார்த்து விடாமல் கத்தியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"நம்மளால உக்கார மாட்டேங்குதுடா," என்றான். "வா, அந்தப் பக்கம் போயிருவோம்."

போனோம். நான் அவன் வலது பக்கத்தில் நடந்தேன்.